நிக்கோபார் மேட்டுக்கோழியும் ஒரு சுழிப்பிழையும்

பள்ளியிலோ கல்லூரியிலோ திருகு அளவியைக் கையில் பிடித்துப் பார்த்த வாசகர்களுக்கு நான் சொல்லவிருப்பது எளிதில் விளங்கும். ஒரு கம்பியின் விட்டத்தை அளப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய சிறு வேலை ஒன்று உண்டு. கம்பியை வைக்காமல் அளவியின் இரு முனைகளையும் ஒன்றையொன்று தொடும்வரை திருகி, தலைக்கோலின் சுழி புரிக்கோலின் வரைகோட்டோடு பொருந்தி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால், எத்தனை பிரிவுகள் விலகி நிற்கிறதோ அதைப் பின்னால் வரும் ஒவ்வோர் அளவீட்டிலும் திருத்திக்கொள்ள வேண்டும். இந்த விலகலுக்குச் சுழிப்பிழை என்று பெயர். இதைப் பார்க்க மறந்த மாணவனின் செய்முறைப் பதிவேடு பார்வைக்கு அழகாகவே இருக்கும். அட்டவணை நேராக இருக்கும். சராசரி மூன்று தசம இடங்கள் வரை போடப்பட்டிருக்கும். விடை மட்டும் தவறாக இருக்கும்.

இக்கட்டுரையும் ஒரு பதிவேட்டைத் திருத்தும் முயற்சிதான். மாணவனுடைய பதிவேடு அன்று; பெரிய நிக்கோபார் தீவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் ஆகியவற்றை அமைப்பதற்காகத் தயாரிக்கப்பட்டு, 2021 டிசம்பரில் வரைவாக வெளியிடப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. அதன் அடிப்படையில் 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் வழங்கப்பட்டது. அறிக்கை முழுவதையும் விமர்சிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஷோம்பென் பழங்குடியினரைப் பற்றியும், தோணியாமையைப் பற்றியும், பவளப் பாறைகளைப் பற்றியும் பேச வேண்டியவர்கள் வேறு. ஒரு பறவையைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இயற்பியல் ஆசிரியனுக்குப் பறவையோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்தப் பறவையின் கூடே ஓர் இயற்பியல் சோதனைதான். அறிக்கையில் நேர்ந்திருக்கும் பிழையும் அளவீட்டுப் பிழைதான். எனவே துணிந்து நுழைகிறேன்.

முதலில் இடம். எங்கள் கல்லூரிக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களிலிருந்து வரும் மாணவர்களிடம் நிக்கோபார் எங்கே இருக்கிறது என்று கேட்டால், 'அந்தமானுக்குப் பக்கத்தில்' என்பார்கள். தவறில்லை, ஆனால் தூரம் மனத்தில் பதிவதில்லை. சென்னையிலிருந்து பெரிய நிக்கோபார் சுமார் 1,600 கிலோமீட்டர். அத்தீவின் தென்முனையான இந்திரா முனையிலிருந்து சுமத்திராவின் வடகோடித் தீவுகளோ ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலைகளைச் சுற்றி வாழும் குடும்பங்களில் சிலருக்கு இந்தத் தீவின் பெயர் பழக்கமாக இருக்கக்கூடும். 1969 முதல் முன்னாள் படைவீரர்கள் பலர் தம் குடும்பத்தோடு அங்கே குடியமர்த்தப்பட்டனர். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது பறவை. ஆங்கிலேயர் இட்ட பெயர் நிக்கோபார் மெகபோடு. 'பெரிய பாதம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. இக்கட்டுரையில் அதை மேட்டுக்கோழி என்றே சொல்லிச் செல்கிறேன். பழுப்பு நிற உடல், சிவந்த முகத்தோல், வலுவான கால்கள், ஏறக்குறைய வீட்டுக்கோழியின் அளவு. உலகில் நிக்கோபார்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லை. இதன் நெருங்கிய உறவினங்களெல்லாம் கிழக்கே வெகுதொலைவில், பிலிப்பைன்ஸ், சுலாவெசி, நியூகினி, ஆஸ்திரேலியா என்று பரவிக் கிடக்கின்றன. இடையில் மலேயாவும் சுமத்திராவும் வெறுமையாக இருக்க, இந்த ஓர் இனம் மட்டும் நிக்கோபாரில் எப்படி வந்து சேர்ந்தது என்பது பறவையியலில் ஒரு பழைய புதிர். கடலில் மீன்பிடித்து வாழும் கடற்பறவை அன்று இது. ஆனால் கடலை விட்டு விலகியும் வாழ்வதில்லை. புன்னையும் தாழையும் சமுத்திரப்பழ மரமும் அடர்ந்த, கரையை ஒட்டிய குறுகிய காட்டுப் பட்டையில்தான் இதன் பெரும்பாலான கூடுகள் காணப்படுகின்றன.

இந்தக் கூட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மற்றப் பறவைகளைப்போல் இது முட்டையின்மேல் அமர்ந்து அடைகாப்பதில்லை. மணலையும் சருகையும் காலால் சீய்த்துச் சீய்த்து ஒரு மேடு கட்டுகிறது. மேடு ஓர் ஆள் இடுப்பளவோ அதற்கு மேலோ உயரமும், பல மீட்டர் விட்டமும் கொண்டதாக வளரும். முட்டையை அதற்குள் ஆழப் புதைத்துவிட்டுப் பறவை விலகிவிடுகிறது. உள்ளே மக்கும் சருகில் நுண்ணுயிர்கள் பெருகிச் சுவாசிக்கின்றன. அந்தச் சுவாசத்தில் வெளிப்படும் வெப்பமே முட்டையைப் பொரிக்கிறது. பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசை, நேமம் பக்கத்து ஊர்களில் மார்கழிக் காலையில் எருக்குவியலைக் கிளறுவோரைப் பார்த்திருப்பீர்கள். கடப்பாரை இறங்கிய இடத்திலிருந்து ஆவி எழும். அதே வெப்பம்தான்.

ஆனால் எருக்குவியல் தன்போக்கில் சூடேறித் தன்போக்கில் ஆறிவிடும். மேட்டுக்கோழிக்கு வேண்டியதோ ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம், அதுவும் சுமார் 70 முதல் 80 நாட்கள் வரை. இங்கேதான் கணக்கு வருகிறது. மேட்டுக்குள் உண்டாகும் வெப்பம் அதன் கன அளவைப் பொறுத்தது; வெளியே கசியும் வெப்பம் அதன் புறப்பரப்பைப் பொறுத்தது. ஒரு மேட்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் கன அளவு எட்டில் ஒன்றாகும். புறப்பரப்போ நான்கில் ஒன்றாகத்தான் குறையும். அதாவது உற்பத்தி எட்டிலொன்று, கசிவு நான்கிலொன்று. சிறிய மேடு சூட்டைத் தாங்காது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மணலின் ஈரமும் முக்கியம். மிகவும் உலர்ந்தால் நுண்ணுயிர் வேலை நின்றுபோகும். மிகவும் நனைந்தால் காற்று உட்புக முடியாது. ஆவியாதலில் வெப்பமும் வீணாகும். மேலே மரநிழல் வேண்டும், ஆண்டு முழுதும் சருகு உதிர வேண்டும், சீய்ப்பதற்கேற்ற இளகிய மணல் வேண்டும். இவை மூன்றும் ஒன்றுகூடும் இடம் கரையோரக் காடு. அதனால்தான் ஒருமுறை கட்டிய நல்ல மேட்டைப் பறவைகள் ஆண்டுதோறும் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகின்றன. ஒரே மேட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைகள் முட்டையிடுவதும் உண்டு.

இந்தக் குடும்பத்துப் பறவைகள் வெப்பநிலையை எவ்வளவு நுட்பமாகக் காக்கின்றன என்பதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஃபிரித் 1950-களில் சோதித்துப் பார்த்தார். அங்குள்ள உறவினமான மல்லீக் கோழியின் மேட்டுக்குள் மின்வெப்பக் கம்பிகளைப் புதைத்து, தம் விருப்பப்படி மின்சாரத்தைச் செலுத்தியும் நிறுத்தியும் பார்த்தார். ஆண் பறவை சளைக்கவில்லை. சூடு கூடியபோது மணலை விலக்கிக் காற்றோட்டம் தந்தது, குறைந்தபோது மூடியது. நம் ஆய்வகத்து வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியை ஓர் அலகும் இரண்டு கால்களும் செய்துகாட்டின. எனக்குப் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. வெப்பவியல் பாடம் தொடங்கும்போது இதைச் சொல்லித்தான் தொடங்குவேன். பாடப்புத்தகத்தில் இல்லையே என்று மாணவர்கள் குறிப்பெடுக்காமல் இருந்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

முட்டை வீட்டுக்கோழி முட்டையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு எடையுள்ளது. மஞ்சள் கருவும் மிகுதி. குஞ்சு முழுச் சிறகுகளோடு வெளிவந்து, தானே மணலைத் தோண்டி மேலேறி, தாய்தந்தை முகம் காணாமலே காட்டுக்குள் ஓடிவிடுகிறது. ஆகவே மனிதர் கூண்டில் வைத்துக் காக்கவேண்டியது குஞ்சையன்று. காக்கப்பட வேண்டியது மேடும், மேட்டுக்குச் சருகு தரும் காடுமே.

இவற்றை எண்ணத் துணிந்தவர் ரவி சங்கரன். கோவையை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்தவர்; பின்னர் அதன் இயக்குநராகவும் இருந்து 2009-இல் காலமானார். 1992-94 ஆண்டுகளில் அவர் தீவு தீவாகச் சென்று கரையோரங்களை ஆராய்ந்தார். காட்டுக்குள் ஒளிந்தோடும் பறவையை எண்ணுவது இயலாத காரியம், மேடோ ஓடாது. எனவே பயன்பாட்டில் உள்ள மேடுகளை எண்ணினார். அவருடைய மதிப்பீடு: கரையோரங்களில் 2,318 முதல் 4,056 வரை இனப்பெருக்க இணைகள். பலரும் இந்த எண்களை அப்படியே எடுத்தெழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முதல் எண்ணை 2 ஆலும், இரண்டாவதை 3.5 ஆலும் வகுத்தால் இரண்டு முறையும் 1,159 வரும். அதுதான் மேடுகளின் மதிப்பீடு. ஒரு மேட்டை எத்தனை இணைகள் பகிர்ந்துகொள்கின்றன என்பதில் உள்ள ஐயமே கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடாக வெளிப்படுகிறது. ஐயத்தை மறைக்காமல் எல்லைகளோடு எழுதிய அந்தப் பதிவேட்டுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பிறகு 2004 டிசம்பர் 26. சென்னையில் இருந்த நமக்கு ஆழிப்பேரலை என்றால் மெரினாவில் ஏறி, உயிர்களையும் படகுகளையும் வாரிக்கொண்டு, மீண்டும் இறங்கிப்போன நீர். நீர் இறங்கியதும் மணல் அங்கேயே இருந்தது. நிக்கோபாரில் நடந்தது வேறு. அங்கே நிலநடுக்கத்தில் தரையே தாழ்ந்தது. இந்திரா முனையில் நிலம் சுமார் 4.25 மீட்டர் அமிழ்ந்தது; கரையில் நின்ற கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. அலை திரும்பிப் போயிற்று, தரை மேலே திரும்பவில்லை. மேட்டுக்கோழி நம்பியிருந்த அந்தக் குறுகிய பட்டை அப்படியே நீருக்குள் போயிற்று. இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தைச் சேர்ந்த சிவகுமார் 2006-இல் மீண்டும் தீவுகளை ஆராய்ந்தபோது கரையோரத்தில் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 800 இணைகள். சுமார் 70 சதவீத வீழ்ச்சி. பெரிய நிக்கோபாருக்கு மேற்கே மெகபோடுத் தீவு என்று ஒன்று இருந்தது. பரப்பளவு 0.12 சதுர கிலோமீட்டர். இந்தப் பறவையின் பெயரையே தாங்கிய சரணாலயம். அது மூழ்கியே போய்விட்டது.

இதற்குப் பின் ஆண்டுகள் சென்றன. கலாத்தியா வளைகுடா போன்ற இடங்களில் அலைகள் புதிய மணலைக் கொண்டுவந்து குவித்தன. தோணியாமைகள் திரும்பி வந்து முட்டையிட்டன. கரையோரச் செடிகள் சற்று உள்ளே தள்ளி மீண்டும் வேரூன்றின. மரம் வளர்ந்து சருகு உதிர்ந்து மேடு சூடேறப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை மேலே சொன்ன கணக்கிலிருந்தே ஊகிக்கலாம். இப்படி மீண்டுகொண்டிருந்த நிலையில்தான் திட்டம் வந்தது. 1997-இல் அறிவிக்கப்பட்ட கலாத்தியா வளைகுடா சரணாலயத்தின் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. துறைமுகம் அமையவிருக்கும் இடம் அதுவே. திட்டப் பரப்பு 166.10 சதுர கிலோமீட்டர்; அதில் காடு 130.75 சதுர கிலோமீட்டர்.

அறிக்கையின் பறவைப் பகுதிக்கு வருவோம். திட்டப் பகுதியில் மேட்டுக்கோழியின் பயன்பாட்டில் உள்ள கூடுகள் 51 என்றும், அவற்றுள் சுமார் 30 நிரந்தரமாக அழியும் என்றும் அது கூறுகிறது. முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். 'பாதிப்பு மிகக் குறைவே' என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், எண்ணி, அழிவதையும் எண்ணாகவே எழுதியிருக்கிறார்கள். எண் எழுதப்பட்டால்தான் அதைத் திருத்தவும் முடியும். மழுப்பலைத் திருத்த எந்த ஆசிரியராலும் முடியாது.

இனிச் சிவப்பு மை. 51-இல் 30 என்னும்போது படிப்பவர் மனத்தில் தோன்றுவது 30 கோழிக்கூடுகள். அவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கூடு என்பது இங்கே குருவிக்கூடு அன்று. சங்கரனின் கீழெல்லையை, மேட்டுக்கு 2 இணை என்பதை, வைத்துக்கொண்டால் 30 மேடுகள் 60 இணைகள். மேலெல்லையில் 105 இணைகள். பேரலைக்குப் பின் ஒரு மேட்டைப் பகிரும் இணைகள் குறைந்திருக்கலாம் என்பதால் கீழெல்லையையே எடுத்துக்கொள்வோம். 800-இல் 60 என்பது ஏழரை சதவீதம். உலகத்திலுள்ள மொத்தக் கரையோர இணைகளில் ஏழரை சதவீதம் ஒரே வளைகுடாவை ஒட்டிய ஒரு திட்டத்தில் போகிறது. அலகை மாற்றியவுடன் அளவு எப்படித் தோற்றம் மாறுகிறது பாருங்கள். மில்லிமீட்டரில் சிறிதாகத் தெரிந்தது மைக்ரானில் பெரிதாவதுபோன்ற கண்கட்டு அன்று இது. கூடு என்ற அலகே பிழையானது. உயிரினம் பிழைப்பது இணைகளின் எண்ணிக்கையால்.

ஆனால் நான் முதலில் சொன்ன சுழிப்பிழை இதைவிடப் பெரியது. 51 என்ற எண்ணை அறிக்கை எதனோடு ஒப்பிடுகிறது? அன்று அங்கே இருந்ததோடு மட்டும். அதாவது பேரலை அடித்து ஒழித்தபின் எஞ்சி, மீண்டுகொண்டிருக்கும் நிலையைச் சுழியாக வைத்து அளவு தொடங்குகிறது. முனைகள் தொடுவதற்கு முன்பே தலைக்கோல் நெடுந்தூரம் விலகி நிற்கிறது. அதைப் பார்க்காமல் கம்பியை வைத்துவிட்டார்கள். 2004-க்கு முன் இதே கரையில் எத்தனை மேடுகள் இருந்தன, இன்னும் இருபது ஆண்டு விட்டுவைத்தால் எத்தனை மேடுகள் வரக்கூடும் என்ற இரண்டு கேள்விகளும் அளவுக்குள் வரவேயில்லை. அழிவது 30 மேடுகள் மட்டுமல்ல. 51 மேடுகள் நூறாகவோ அதற்கு மேலாகவோ ஆகக்கூடிய இடமும் அழிகிறது. மேடு இல்லாத இடம் பட்டியலில் வராது. நேற்று மூழ்கி இன்று துளிர்க்கும் இடமும் வராது.

இதில் தீவைப் பார்த்திராத நமக்கு வியப்பொன்றும் இல்லை. அம்பத்தூர் ஏரியை இன்று பார்க்கும் சிறுவன் இதுவே ஏரியின் அளவு என்று நினைக்கிறான். அவனுடைய தாத்தாவோ ஏரி இப்போது பாதி வீதிகளாக இருக்கிறது என்கிறார். ஆண்டுதோறும் கரையில் ஒரு சிறு பகுதி போகும்போது, 'இருப்பதில் ஐந்து சதவீதம்தானே' என்ற கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாகவே வரும். ஒவ்வொரு முறையும் சுழி கீழே இறங்கிக்கொண்டே போவதால்தான் அது சரியாக வருகிறது.

செய்தித்தாள்களும் இப்பிழைக்குத் துணைபோகின்றன. 'ஆழிப்பேரலையால் அருகிய பறவை' என்று ஒரு தலைப்பைப் போட்டுவிட்டால் இயற்கையின்மேல் பழி போய்விடுகிறது. பேரலை அடித்தது உண்மை. ஆனால் அது தீவுகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் அடிக்கவில்லை. பறவை பல தீவுகளில், பல கரைகளில் பரவியிருந்ததால்தான் ஒரு தீவு மூழ்கியும் இனம் மூழ்கவில்லை. பறவைக்கு அந்தப் பரவலே காப்புறுதி. பேரலை காட்டிய இந்தப் பாடத்தை அறிக்கை படித்ததாகத் தெரியவில்லை.

படிக்கவில்லை என்பதற்குச் சான்று மாற்று ஏற்பாட்டில் இருக்கிறது. 2022-இல் மூன்று புதிய சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன: தோணியாமைக்கு சிறிய நிக்கோபாரில் ஒன்று, பவளத்துக்கு மெரோ தீவு, மேட்டுக்கோழிக்கு மென்சல் தீவு. மென்சலின் பரப்பு 1.29 சதுர கிலோமீட்டர். இதை வட்டமாக எண்ணிக் கணக்கிடுங்கள். ஆரம் 0.64 கிலோமீட்டர், சுற்றளவு சுமார் 4 கிலோமீட்டர். கரையிலிருந்து 100 மீட்டர் அகலப் பட்டை முழுவதும் மேட்டுக்கு ஏற்றது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், கிடைப்பது 0.4 சதுர கிலோமீட்டர். பாறைக்கரையைக் கழித்தால் இன்னும் குறையும். ஆனால் என் குறை பரப்பைப் பற்றியதன்று. மேட்டுக்கோழி ஏற்கெனவே வாழும் ஒரு சிறு தீவுக்குச் சரணாலயம் என்று பெயர் சூட்டுவதால் ஒரு கோழிகூட அதிகமாவதில்லை. இடப்பக்கத்தில் 30 மேடுகளைக் கழித்தாயிற்று. வலப்பக்கத்தில் முன்பே இருந்ததைப் புதிதாக எழுதிக் கூட்டிக் காட்டுகிறார்கள். மென்சலையும் மெரோவையும் வழிவழியாகத் தம் உரிமையாகக் கொண்டு பேணிவருபவர்கள் நிக்கோபாரியர்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அரசாணை வரும்வரை அந்தத் தீவு காப்பாரற்றுக் கிடக்கவில்லை. இன்னொன்று. பறவையின் பெயரால் ஒரு சிறு தீவைச் சரணாலயமாக்குவது புதிய யோசனையும் அன்று. 0.12 சதுர கிலோமீட்டரில் அப்படி ஒன்று இருந்தது. அது இப்போது எங்கே என்று மேலே பார்த்தோம்.

காட்டுக்கு மாற்றாகக் காடு வளர்க்க ஒதுக்கிய இடம் ஹரியானாவில் இருப்பதைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டனர். மேட்டுக்கோழிக்கு அங்கிருந்து சருகு வராது என்பதைத் தவிர நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு. அதை மறைப்பது முறையன்று. முட்டைகளை எடுத்துச் சென்று வேறு தீவில் புதைக்கலாமே? குஞ்சுக்குத்தான் தாய் வேண்டியதில்லையே? இது வெறும் கற்பனையன்று, நடந்தும் இருக்கிறது. பசிபிக் கடலில் தோங்கா நாட்டின் நியுவாஃபோ தீவில் மட்டும் இதன் உறவினம் ஒன்று இருந்தது. எரிமலைச் சூட்டில் வெதுவெதுப்பான சாம்பல் மண்ணில் முட்டை புதைக்கும் வழக்கம் உடையது. 1990-களின் தொடக்கத்தில் ரிங்கெ என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளரின் முயற்சியால் அதன் முட்டைகளும் குஞ்சுகளும் ஃபொனுவாலெய், லாத்தே என்ற இரு ஆளற்ற தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஃபொனுவாலெயில் இனம் தழைத்துச் சில நூறாகப் பெருகியது. லாத்தேயில் நிலைக்கவில்லை.

இந்த எடுத்துக்காட்டைப் பார்த்து மகிழலாம். ஆனால் எதனால் வெற்றி கிடைத்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபொனுவாலெயில் அந்த இனம் முன்பு இல்லை. இடம் காலியாக இருந்தது. வெப்பமோ பூமியே தந்தது. சருகும் மரமும் சேர்த்து அடுப்பு மூட்ட வேண்டிய அவசியம் பறவைக்கு இல்லை. நிக்கோபாரில் வெப்பத்தைத் தருவது காடு. ஏற்ற காடு உள்ள கரைகளில் பறவை ஏற்கெனவே இருக்கிறது. பறவை இல்லாத கரைகளில் பெரும்பாலும் காடும் இல்லை, அல்லது நாயும் பூனையும் முட்டை எடுக்கும் மனிதரும் இருக்கிறார்கள். தோங்காவில்கூட இரண்டில் ஒன்றே பலித்தது. மூலத்தீவில் பறவைகள் இருக்கும்போதே, கூடுதல் காப்பாகச் செய்த முயற்சி அது. மூலத்தை அழித்துவிட்டுச் செய்யும் முயற்சிக்கு அதைச் சான்றாகக் காட்டுவது, இரண்டாவது கண்ணாடிக் குடுவை இருக்கிறது என்று முதல் குடுவையைக் கீழே போடுவது போன்றது. எங்கள் ஆய்வகத்தில் அப்படி ஒரு முறை நடந்தது. இரண்டாவது குடுவையில் விரிசல் இருந்தது.

துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்று நான் இங்கே தீர்ப்புக் கூறவில்லை. மலாக்கா நீரிணைக்குச் செல்லும் கப்பல் பாதை அத்தீவின் அருகில் செல்வதும், அதனால் படைத்துறையும் வணிகமும் அந்த இடத்தை விரும்புவதும் புரிந்துகொள்ளக்கூடியவையே. நாட்டுக்கு அது தேவை, அதற்காக உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவையின் ஏழரை சதவீதத்தையும் அதற்கு மேலும் இழக்கத் துணிகிறோம் என்று யாரேனும் வெளிப்படையாக எழுதினால், அதை எதிர்த்தோ ஆதரித்தோ வாதிடலாம். அறிக்கை அப்படி எழுதவில்லை. 30 கூடுகள் என்று எழுதி, பக்கத்தில் மென்சல் என்று எழுதி, கணக்கு நேராகிவிட்டது என்கிறது.

இதை வகுப்பில் சொல்லி முடித்தபோது ஆவடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: 'அப்படியென்றால் சரியான சுழி எது சார்? 1994-ஆ?' நல்ல கேள்வி. சங்கரன் எண்ணத் தொடங்குவதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, 1969-இல், குடியேற்றம் தொடங்கிவிட்டது. சாலைகள் வந்தன; கரையோரக் காட்டில் ஒரு பகுதி தென்னந்தோப்பாயிற்று; துப்பாக்கியும் வளர்ப்பு நாயும் வந்தன. ஆகவே 1,159 என்பதுகூட முனைகள் முழுமையாகத் தொட்ட நிலையன்று. ஆனால் கைவசம் உள்ள அளவீடுகளில் தன் பிழையின் எல்லையைத் தானே எழுதிவைத்திருக்கும் பழைய அளவீடு அது ஒன்றுதான். அட்டவணையின் முதல் வரிசையில் 1992-94 என்று போட்டு அதை எழுதச் சொன்னேன். இரண்டாவது வரிசையில் 2006. மூன்றாவது வரிசைக்குக் கலாத்தியா வளைகுடாவின் 51 போதாது. நிக்கோபார் முழுவதற்கும் அதே முறையில், அதே பருவத்தில் எடுத்த எண் வேண்டும். அவள் அந்த வரிசையைக் கோடிட்டுக் காலியாக விட்டிருக்கிறாள்.